தெருவோடு ஒரு சரித்திரம் – 17: பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

போன வாரம் ராயபுரத்தில் ரயிலேறினோம். இந்த வாரம் இறங்க வேண்டிய இடம் பார்க் ஸ்டேஷன். கடற்கரை, கோட்டை, அடுத்தது பார்க். சென்ட்ரலில் வண்டி பிடிக்க வேண்டியவர்கள் பெட்டி படுக்கையோடு இங்கேதான் இறங்குகிறார்கள். 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கியவர்களில் யாரும் நின்று, “பார்க் எங்கே?” என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டேன். படிக்கட்டில் எனக்கு முன்னால் போன ஒரு பையன், ஆறு வயது இருக்கும், அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்தான். “பார்க்குன்னு சொன்னியே, ஊஞ்சல் எங்கம்மா?” அந்த அம்மாவுக்குத் தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் இன்னொரு பிள்ளை. “அது பேருடா. நட.”

அது பேர்தான். ஸ்டேஷனுக்குப் பேர், அந்த வட்டாரத்துக்கே பார்க் டவுன் என்று பேர், பறக்கும் ரயில் வந்தபோது அதற்கும் பூங்கா நகர் என்று இன்னொரு ஸ்டேஷன். இத்தனை இடங்களுக்குப் பெயரை வாரிக்கொடுத்த அந்தப் பூங்கா 116 ஏக்கர். பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. உள்ளே பதினோரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க மேடை, டென்னிஸ் ஆட இடம், ஓடி விளையாடத் திடல், குளிக்க ஒரு குளியலிடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மிருகக்காட்சி சாலை. அந்தப் பையன் 1870-இல் வந்து கேட்டிருந்தால் அவன் அம்மா பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடக்குப் பக்கமாகக் கையை வீசிக் காட்டியிருப்பாள். இப்போது அதே திசையில் கையை வீசினால் விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை, புறநகர் ரயில் முனையம், அல்லிக்குளம் வணிக வளாகம், நேரு ஸ்டேடியம். எல்லாமே பூங்காவின் மேல் உட்கார்ந்திருப்பவை.

இந்தப் பூங்காவை ஆக்கிரமித்தவர்கள் யார் என்று தேடினால் ஒரு வில்லன்கூட அகப்பட மாட்டான். குடிசை போட்ட ஏழை கிடையாது, பட்டாவைத் திருத்திய பணக்காரனும் கிடையாது. ஊருக்கு ஒரு மண்டபம் வேண்டும், ஊருக்கு ஒரு சந்தை வேண்டும், ஊராட்சிக்கு ஓர் அலுவலகம் வேண்டும், ஊர்ப் பிள்ளைகள் விளையாட ஓர் அரங்கம் வேண்டும், ஊர் மக்கள் ஏற இறங்க ரயில் மேடை வேண்டும். எல்லாம் பொதுக் காரியம். மக்களுக்கென்று விட்ட நிலத்தை மக்கள் பேரைச் சொல்லியே தின்று தீர்த்தோம். அதை எந்த வரிசையில் தின்றோம் என்பதுதான் இந்த வாரக் கதை.

*

பூங்காவை உண்டாக்கியவர் சர் சார்லஸ் டிரவெலியன். 1859 மார்ச்சில் சென்னைக்குக் கவர்னராக வந்தார். மெக்காலே பிரபுவின் தங்கை ஹன்னாவின் கணவர். பரீட்சை எழுதித் தேறியவனுக்கே அரசாங்க உத்தியோகம் என்ற ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் வழி வகுத்த 1854-ஆம் வருட அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர். நம்மூரில் இன்று டி.என்.பி.எஸ்.சி.க்கு விடிய விடியப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் ஒருவகையில் முப்பாட்டன்.

ஆனால் அயர்லாந்தில் போய் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1840-களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்கள். அதே மனிதர்தான் இங்கே வந்து ஊருக்குப் பூங்கா வைத்தார். ஒரே ஆளை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கின்றன. எந்த ஊர் சொல்வது சரி என்று நான் தீர்ப்பெழுதப் போவதில்லை. எனக்கு அயர்லாந்தின் கணக்கு பெரிதாகப் படுகிறது, அவ்வளவே.

பூங்கா என்ற யோசனை அவர் மண்டையில் திடீரென்று உதித்ததல்ல. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆலைப் பட்டணங்களில் புகையும் நெரிசலும் தாங்க முடியாமல், தொழிலாளி குடும்பத்தோடு வந்து மூச்சு விட இடம் வேண்டும் என்று பொதுப் பூங்காக்கள் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்கன்ஹெட் பூங்கா 1847-இல் திறந்தது. ஹாலிஃபாக்ஸ் ஊரில் கம்பள ஆலை முதலாளி ஒருவர் 1857-இல் வைத்ததன் பெயரே பீப்பிள்ஸ் பார்க். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-இல் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் டிரவெலியன் சென்னையில் இறங்குகிறார். கோட்டைக்குள் வெள்ளைக்காரனுக்கு எப்போதும் காற்று உண்டு. கோட்டைக்கு வடக்கே கருப்பர் பட்டணம் வீட்டோடு வீடு ஒட்டி நெரிந்து கிடந்தது. அதன் மேற்கு விளிம்பில், பள்ளமும் தண்ணீருமாகக் கிடந்த வெளியைப் பூங்காவாக்கினார். பதினோரு குளம் என்ற கணக்கே அது எவ்வளவு தாழ்ந்த நிலம் என்பதைச் சொல்லிவிடும். மழைக்காலத்தில் பெரியமேட்டுப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. இடத்தைப் பறித்தாலும் தண்ணீர் பழைய விலாசத்தை மறக்காது.

டிரவெலியன் இந்த ஊரில் இருந்தது பதினைந்து மாதம்கூட நிறைவாக இல்லை. கல்கத்தாவிலிருந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரி போடத் திட்டம் கொண்டுவந்தார். டிரவெலியன் அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல், ரகசியமாக இருக்க வேண்டிய தன் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் பொறுக்குமா? 1860-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சௌகார்பேட்டைப் பக்கம் டிரவெலியன் பேசின் தெரு என்று ஒன்று இன்றும் இருக்கிறது. விக்டோரியா ஹால் வளாகத்தில் அவர் நினைவாக ஒரு நீரூற்று உண்டு. வருமான வரி கட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு கும்பிடு போடலாம்.

*

பூங்காவின் உயிர் மிருகக்காட்சி சாலை. ‘உயிர்’ என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பழைய சென்னைவாசிகள் அதை ‘உயிர்க் காலேஜ்’ என்றார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெயர் ‘செத்த காலேஜ்’. ஒன்றில் புலி நடக்கும், மற்றதில் பஞ்சடைத்து நிற்கும். இதைவிடச் சுருக்கமாக இரண்டையும் வேறுபடுத்த எந்தப் பண்டிதராலும் முடியாது. காலேஜ் என்ற சொல் எப்படி வந்து ஒட்டியது? அருங்காட்சியகம் 1851-இல் நுங்கம்பாக்கத்தில் காலேஜ் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தின் மாடியில்தான் தொடங்கியது. வீடு மாறினாலும் பெயர் கூடவே வந்துவிட்டது என்பது என் ஊகம்.

இரண்டு காலேஜுக்கும் தகப்பன் ஒருவரே: எட்வர்ட் பால்ஃபர், ராணுவ வைத்தியர். அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆள் வரவில்லையே என்று அவருக்குக் கவலை. கல்லையும் எலும்பையும் எத்தனை பேர் பார்ப்பார்கள்? புலியையும் சிறுத்தையையும் உயிரோடு கொண்டுவந்து வளாகத்தில் கட்டிவைத்தார். கூட்டம் அலைமோதியது. விஷயம் புரிந்துவிட்டது. 1855-இல் அருங்காட்சியகத்தோடு சேர்த்து ஒரு மிருகக்காட்சி சாலையே ஆரம்பித்தார். ஆற்காட்டு நவாப் தான் வளர்த்த விலங்குகளைக் கொடுத்துதவினார். ஒரே வருடத்தில் முந்நூறுக்கு மேல் ஜீவன்கள் சேர்ந்தன. செத்தவற்றைப் பாதுகாக்க வந்த இடத்தில் உயிருள்ளவை பெருகி இடம் போதாமல் போகவே, 1860-களின் தொடக்கத்தில் அவற்றை மாநகராட்சி வாங்கிக்கொண்டு புதிதாக எழுந்திருந்த மக்கள் பூங்காவுக்குக் கொண்டுவந்தது.

அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக, பட்டணம் பார்க்க வந்த எந்தக் கிராமத்துக் குடும்பமும் உயிர்க் காலேஜையும் செத்த காலேஜையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம். வண்டிச் சத்தம் கேட்டுக் கேட்டுச் சிங்கத்துக்குப் பழகிப்போயிருக்கும். எங்கள் பெரியப்பா என்னைக் கூட்டிப் போனபோது எனக்கு நினைவில் நின்றது சிங்கம்கூட இல்லை, அந்த வாடை. நனைந்த வைக்கோலும் மூத்திரமும் பழைய இறைச்சியும் கலந்த ஒரு கனத்த வாடை. “மூக்கைப் பொத்தாதேடா, அதுக்குக் கோவம் வரும்” என்றார் பெரியப்பா. நான் நம்பினேன்.

இந்த உயிர்க் காலேஜின் கதையில் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்கு ஓடின. பணமிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள், இல்லாதவர்கள் அவர்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது யாருக்கோ ஒரு சந்தேகம் வந்தது: சென்ட்ரல் மேல் குண்டு விழுந்தால் பக்கத்திலேயே இருக்கும் கூண்டுகள் உடையும், கூண்டுகள் உடைந்தால்?

மலபார் ஸ்பெஷல் போலீசை வரவழைத்தார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி என்று ஆபத்தானவை என்று கருதப்பட்ட விலங்குகளைக் கூண்டுக்குள் வைத்தே சுட்டுக்கொன்றார்கள். ஓட இடமில்லாத மிருகத்தைக் கம்பிக்கு வெளியே நின்று சுடுவது வேட்டையும் ஆகாது. கையிலிருந்து உணவு வாங்கிப் பழகியவை அவை. கம்பியருகே மனிதன் வந்து நின்றால் எழுந்து வந்து பார்த்திருக்கும்.

விசாகப்பட்டினத்தில் விழுந்தது போல இங்கே ஒன்றும் விழவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து இரண்டு மூன்று குண்டுகளை உதிர்த்துவிட்டுப் போனது. அதற்குள் சென்ட்ரல் பக்கத்துக் கூண்டுகள் காலியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

*

கதையில் கொஞ்சம் முன்னே ஓடிவிட்டேன். பூங்காவைத் தின்னத் தொடங்கிய கதைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தீ.

கிறிஸ்துமசும் புதுவருடமும் சேர்ந்து வரும் வாரத்தில் பூங்காவில் ‘பார்க் ஃபேர்’ என்று ஒரு திருவிழாச் சந்தை நடக்கும். கடைகள், வேடிக்கைகள், விளக்கலங்காரம். 1886 டிசம்பர் 31. வருடத்தின் கடைசி நாள், கடைசிக் கூட்டம். கீற்றுக் கொட்டகைகளில் தீ பிடித்தது. நம் ஊர்க் கீற்றுப் பந்தல் எரிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த ஓலையில் நெருப்பு நடக்காது, தாவும். நெரிசலில் வாசல் தேடி ஓடியவர்களும் விழுந்தவர்களுமாக முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கன்னிமரா பிரபு கவர்னராகப் பதவியேற்று ஒரு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. இன்று நூலகத்தின் பெயராக நமக்குத் தெரிந்த அந்தக் கன்னிமராவின் ஆட்சிக்காலம் தொடங்கியது இந்தச் சாவோடுதான்.

இத்தனை பேர் செத்த இடத்தில் இன்று ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. நான் தேடி நடந்திருக்கிறேன்.

*

முதல் பெரிய கடி விக்டோரியா பப்ளிக் ஹால். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேச ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று 1880-களின் தொடக்கத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் வியாபாரிகளும் பணம் போட்டார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஸம் வரைந்து கொடுக்க, கட்டியவர் நம்பெருமாள் செட்டி. சென்னையின் சிவப்புக் கட்டடங்களில் பாதியைக் கட்டியவர் அவர்தானோ என்று தோன்றும் அளவுக்கு எங்கே திரும்பினாலும் அவர் பெயர் வரும். விக்டோரியா மகாராணியின் பொன்விழா இடையில் வந்துவிட, மண்டபத்துக்கு மகாராணி பெயர் வாய்த்தது.

நிலம்? பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு. 1888 ஏப்ரல் 1 முதல் 99 வருடக் குத்தகை. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. 57 கிரவுண்டுக்கும் சேர்த்து இருபத்தெட்டரை ரூபாய் ஆகிறது. பூங்கா நிலம் எவ்வளவு மலிவு என்று ஊருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது அப்போதுதான்.

மண்டபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1897-இல் விவேகானந்தர் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கே. வக்கீலும் டாக்டரும் வேஷம் கட்டி மேடையேறினால் குலம் கெட்டுவிடாது என்று தமிழ்ச் சமூகத்துக்குக் காட்டிய சபை அது. சென்னையில் திரை கட்டிச் சலனப் படம் காட்டிய முதல் இடங்களுள் ஒன்றும் அதுவே. 116 ஏக்கரில் மூன்று ஏக்கர் போனால் என்ன என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். நானே கேட்டிருப்பேன்.

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நாறிப்போய், அதை அங்கிருந்து கிளப்ப வேண்டியிருந்தது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் அடிக்கல் போட்டார். 1900-இல் திறந்தது. நாலுகட்டு வீட்டைப் பெரிதாக்கினால் எப்படியிருக்கும், அப்படி: நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகச் சிவப்புத் தாழ்வாரம். கறியும் காயும் விற்க வந்த சந்தை, நாளாக ஆக எதை வேண்டுமானாலும் விற்றது. கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, மீன் தொட்டி, துரை வீட்டு ஏலத்தில் வந்த கடிகாரம், ஒற்றைக்கால் ஷூ. புத்தகம்தான் அதன் பேரும் புகழும்.

மூர் மார்க்கெட் புத்தகக் கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். கல்லூரிப் பாடப் புத்தகத்தை ஜூன் மாதத்தில் கேட்டால் ஒரு விலை, டிசம்பரில் ஒரு விலை. ஒரு கணித நூலுக்காக நான் நின்றபோது பெரியப்பா முன்னமே பாடம் நடத்தியிருந்தார்: வேண்டிய புத்தகத்தைக் கையில் எடுக்காதே, பக்கத்துப் புத்தகத்தை எடுத்துப் புரட்டு. அதன் விலையைக் கேள். வேண்டாம் என்று வை. போகிற போக்கில், “இதென்ன?” என்று கேள். எல்லாம் சரியாகவே செய்தேன். கடைக்காரர் சிரித்தபடியே, “தம்பி, வந்ததுலேருந்து அதையேதானே பாக்குற. ஆறு ரூபா, எடுத்துக்க” என்றார். முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் பச்சை மையில் தன் பெயரை எழுதி, கீழே ‘தொலைந்தால் திருப்பித் தரவும்’ என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடைகளின் உண்மையான மாணவர் ரோஜா முத்தையா. கோட்டையூர்க்காரர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். மூர் மார்க்கெட்டில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். ஊர் எடைக்குப் போட்டதை அவர் விலைக்கு வாங்கினார். அவர் மறைந்தபின், அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் தொடங்கியதே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகைப் பற்றி யார் எழுதினாலும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. பூங்காவைத் தின்ற கட்டடம் ஒன்று இப்படியும் ஈடு கட்டியது.

மூன்றாவது கடிதான் எனக்கு வேடிக்கை. பூங்காவுக்குக் காவல் மாநகராட்சி. அந்த மாநகராட்சிக்கே ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. எர்ரபாலு செட்டித் தெருவில் இடம் போதவில்லை. எங்கே கட்டலாம்? தன் பொறுப்பில் இருந்த பூங்காவில்தான். 1909-இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்து வைத்தார். உள்ளாட்சிக்கு வித்திட்ட ரிப்பன் பிரபுவின் பெயர். கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம். சுற்றிலும் எல்லாம் செக்கச் செவேலென்று நிற்க, இது மட்டும் சலவை வேட்டி கட்டியதுபோல வெள்ளை. அழகில் குறையில்லை. வேலியே பயிரை மேய்ந்ததற்கு இவ்வளவு லட்சணமான சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

*

விளையாட்டுத் திடல் பூங்காவின் ஆதி அம்சங்களில் ஒன்று என்று சொன்னேன் அல்லவா? அது வளர்ந்து மாநகராட்சி ஸ்டேடியம் ஆயிற்று. 1956 ஜனவரியில் இந்தியாவும் நியூசிலாந்தும் அங்கே டெஸ்ட் ஆடின. வினு மன்கட், பங்கஜ் ராய். முதல் விக்கெட்டுக்கு 413 ரன். மன்கட் 231, ராய் 173. உலக சாதனை. 2008 வரை ஐம்பத்திரண்டு வருடம் எவராலும் அதைத் தொட முடியவில்லை. சேப்பாக்கத்தில் நடந்ததாகவே இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மக்கள் பூங்கா மண்ணில் எடுத்த ரன்கள் அவை. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை வென்று தொடரைக் கைப்பற்றியதும், இளைஞர் பட்டோடி தன் முதல் டெஸ்ட் சதம் அடித்ததும் அதே திடலில். பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே போய்விட்டது. 1993-இல் பழைய அரங்கை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதுதான் இன்று கால்பந்தும் தடகளமும் நடக்கும் நேரு ஸ்டேடியம்.

*

1985 வந்தது. ஒரே கோடையில் பூங்காவின் கதை முடிந்தது.

ரயில்வேக்கு இடம் போதவில்லை. புறநகர் வண்டிகளுக்குத் தனி முனையம் வேண்டும். மூர் மார்க்கெட் இருந்த இடம் தோதானது. கடைக்காரர்கள் நகர மறுத்தார்கள். பேச்சு இழுத்துக்கொண்டிருக்கையில், மே 30 அன்று மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ஓலை எரிந்தது 1886-இல், காகிதம் எரிந்தது 1985-இல். எப்படிப் பிடித்தது என்ற பேச்சு ஊரில் வெகுகாலம் ஓயவில்லை. எரிந்து நின்ற சுவர்களும் பிறகு போயின. அங்கே எழுந்த ரயில் முனையத்துக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். அதன் முன்னால் பழைய மார்க்கெட்டைப் போலவே பொம்மை அளவில் ஒன்று செய்தும் வைத்தார்கள். கைக்கு அடங்காத பொருளைத் தொலைத்துவிட்டு அதன் சாவிக்கொத்தைப் பத்திரமாக வைத்திருப்பது மாதிரி.

கடைக்காரர்களுக்கு மாற்றிடமாகக் கிடைத்தது அல்லிக்குளம் வளாகம். ஆங்கிலத்தில் லில்லி பாண்டு. அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்பதை இந்நேரம் யூகித்திருப்பீர்கள். டிரவெலியன் காலத்துப் பூங்காவின் குளம் அது. குளத்தைத் தூர்த்துக் கடை கட்டி, கடைக்குக் குளத்தின் பெயரை வைத்தோம். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு புத்தகக் கடையில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான வழிகாட்டிகள் அடுக்கியிருந்தன. அல்லியைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கத் தோன்றவில்லை. “பழைய மூர் மார்க்கெட்டா சார்? எங்கப்பா அங்கதான் இருந்தாரு” என்று அவரே ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். ஒரு வாடிக்கையாளரும் குறுக்கிடவில்லை.

மார்க்கெட் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்தார். 1,265 ஏக்கர் காட்டு நிலம். சென்ட்ரல் பக்கத்து உயிர்க் காலேஜ் ஊருக்கு வெளியே போயிற்று. விலங்குகளுக்கு அதைவிட நல்ல காரியம் நடந்திருக்க முடியாது. காலை நீட்ட இடமில்லாத கூண்டிலிருந்து மரத்தடிக்குப் போயின. பூங்கா போனதில் பெரிய லாபம் அடைந்தவை கடைசியில் அவைதாம்: தாம் இருந்ததைப்போல் பத்து மடங்குக்கு மேலான இடம் கிடைத்தது. மக்களுக்கு அப்படி யாரும் மாற்றிடம் தரவில்லை.

பெங்களூரை நினைத்துப் பார்க்கிறேன். கப்பன் பார்க் 1870-இல் தொடங்கியது, நம்முடையதற்குப் பத்து வருடம் இளையது. ஆரம்பத்தில் நூறு ஏக்கர் அளவில்தான் இருந்தது. அது வளர்ந்து முந்நூறு ஏக்கர் ஆயிற்று. அங்கேயும் நீதிமன்றமும் நூலகமும் உள்ளே நுழையாமல் இல்லை. ஆனால் 1975-இல் சட்டம் போட்டு எல்லை கட்டினார்கள். நம்மிடம் அந்த வேளையில் எல்லை கட்ட என்ன மிஞ்சியிருந்தது என்பது வேறு கேள்வி.

மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், ஸ்டேடியத்தின் அருகில். ஒருகாலத்தில் மலர்க் கண்காட்சிக்குப் பெயர் பெற்ற மூலை. பக்கத்தில் மாநகராட்சி நீச்சல் குளம். பதினோரு குளம் இருந்த பூமியில் நீலநிற டைல்ஸ் ஒட்டிய ஒரு குளம். சமீபத்தில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. மேலே இடமில்லை என்பதால் அது பூமிக்கு அடியில் போயிற்று. அதற்கும் ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால் இரண்டின் முன்வெளியைத் தோண்ட வேண்டியிருந்தது. மேற்பரப்பைத் தின்று முடித்தபின் கீழ்த்தட்டு.

மாலை ஆறு மணிக்கு மை லேடீஸ் பூங்காவுக்குள் போனேன். நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெஞ்சில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார், பக்கத்தில் ரயில்வே பை. வண்டி இரவு பத்துக்கு இருக்கலாம். ஒரு மூலையில் ஊஞ்சல்கூட இருந்தது. அந்தப் பையனும் அம்மாவும் மூட்டையும் இந்நேரம் எந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்களோ.

அடுத்த வாரம் இங்கிருந்து கிழக்கே நடந்து வால்டாக்ஸ் சாலைக்குப் போகிறோம். கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மதில் கட்டியது. கட்டிய செலவை ஊராரிடம் வரியாக வாங்குவதாகத் திட்டம். வரி வசூலாகவே இல்லை. மதிலும் இப்போது இல்லை. சாலைக்கு மட்டும் மதில்வரி என்று பெயர்.